புகை டோக்கன்

கால் விரல் ஒன்று கறுத்துப்போனதை ஏணி மூன்று வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. இடது கால், இரண்டாவது விரல். முதலில் ஷூ கடித்தது என்று நினைத்தான். பிறகு ஷூவை மாற்றினான். பிறகு அந்தக் காலைப் பார்க்காமலே குளிக்கக் கற்றுக்கொண்டான். தன் உடம்பைத் தானே ஏமாற்றுவது மனுஷனுக்கு அப்படி ஒன்றும் கஷ்டமான வேலையில்லை. பெண்டாட்டியின் மூக்கை ஏமாற்றுவதுதான் நடக்காத காரியம். அவள் பிஸ்கட் ஆலையில் பாக்கிங் பிரிவில் இருப்பவள். ஒரு தட்டு லேசாகத் தீய்ந்தால் நாலு மேஜை தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னமோ வாடை வருதே" என்றாள். போர்வையை விலக்கினாள். மறுநாள் காலை அவன் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

ஏணி என்பது அவன் வேலை பார்க்கும் லாண்டரியில் வைத்த பெயர். ஆறடி மூன்று அங்குலம். குழல்விளக்கு மாற்ற ஸ்டூல் தேட வேண்டாம், அவனைக் கூப்பிட்டால் போதும். வைத்தவர்கள் பாதிப்பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் தெருவரை வந்து ஒட்டிக்கொண்டது.

டாக்டர் அவன் பாதத்தை அங்கே இங்கே அழுத்திப் பார்த்தார். "எத்தனை பிடிக்கிறீங்க ஒரு நாளைக்கு?"

"ஏழெட்டு இருக்கும் சார்."

"பதினொண்ணு" என்றாள் பெண்டாட்டி.

டாக்டர் பதினொன்று என்று எழுதிக்கொண்டார். "ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சு. சிகரெட்டை விட்டா விரலோட நிக்கும். அதுவும் பொழைக்கலாம். விடலைன்னா பாதம். அப்புறம் முட்டி. மாத்திரை நான் தர்றேன், ஆனா மாத்திரையை நம்பி ஊதிக்கிட்டு இருக்காதீங்க."

அவள் அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டி, சண்டைக்குத் தயாராகிற முகம் அது. பக்கத்து அறையில் இருந்த நர்ஸ் அவர்களைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தாள்.

"இன்னிக்கே விடறேன்னு சத்தியம் பண்ணாதீங்க. சத்தியம் பண்ணவங்க எல்லாம் மூணாம் நாள் நம்ம வாசல்லயே பத்த வெச்சுக்கிட்டுதான் உள்ள வர்றாங்க. முதல்ல தயாராகணும். பதினஞ்சு நாள் தள்ளி ஒரு தேதி வைங்க. ஒவ்வொண்ணு பிடிக்கிறப்பவும் எப்போ, ஏன்னு எழுதுங்க. நாலு பேர்கிட்ட சொல்லுங்க. அவங்க தைரியம் சொல்வாங்க. மனசு சாக்கு சொல்லும், அதைக் காதுல போட்டுக்காதீங்க."

பெண்டாட்டி காகிதத்தை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது டாக்டர் கதவு வழியாகத் தலையை நீட்டி, "நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்காதீங்க. நடுநடுவுல உட்காருங்க" என்றார். அது ஏணி காதில் மட்டும்தான் விழுந்தது.

நாலு பேர் என்று நர்ஸ் சொன்னது ஒரு பேச்சுக்கு. பெண்டாட்டிக்கு நாலோடு நிறுத்தத் தெரியாது; பதினேழாம் தேதி என்று நாள் குறித்து, தெரு முழுக்கச் சொன்னாள். மாடிவீட்டுக்காரி, தண்ணீர் கேன் போடுகிறவர், முடிவெட்டுகிறவர், மூலைக்கடைக்காரர். மூலைக்கடைக்காரர்தான் அவனுக்குத் தினமும் பாக்கெட் கொடுக்கிறவர். "ரொம்ப சந்தோஷம்ணே. பதினேழாம் தேதிக்கு மேல நீங்க கால்ல விழுந்தாலும் தரமாட்டேன்" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அன்றைய பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அவன் கீழே இறங்கினால் போதும், ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும்: "இன்னும் எத்தனை நாள்?" முடிவெட்டுகிறவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தே, "முகத்துல இப்பவே ஒரு களை வந்திருச்சு" என்றார். இன்னும் ஒன்றைக்கூட விடாத முகத்துக்கு எங்கிருந்து களை வரும்?

மச்சினன் தனி ரகம். பெண்டாட்டியின் தம்பி, பஸ் ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிகரெட்டை விட்டவன். அன்றிலிருந்து அதைப் பற்றிய பேச்சை மட்டும் விடாதவன். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வான்.

"மாமா, முதல் மூணு நாள்தான். நான் சொல்றேன் பாருங்க, நாலாவது நாள் சோப்பு வாசனை தெரியும். என்னை எடுத்துக்குங்க..."

"உன்னை எடுத்து எடுத்து எனக்குக் கை வலிக்குது மாப்ள" என்பான் ஏணி. மச்சினன் சிரித்துவிட்டுத் தொடருவான்.

எழுதுகிற வேலை மகளுடையது. பதினொன்றாவது படிக்கிறாள். நோட்டில் கோடு போட்டு, எப்போது, எங்கே, ஏன் என்று மூன்று கட்டம் பிரித்திருந்தாள். சாயங்காலம் அவன் வந்து முகம் கழுவினதும் நோட்டோடு வந்துவிடுவாள். அவனும் ஒளிக்காமல் சொல்வான். கண்விழித்ததும் ஒன்று; ஏன் என்றால், தெரியாது. கக்கூஸுக்குப் போகுமுன் ஒன்று. அது எழுத வேண்டாம். வேலைக்குப் போகிற வழியில் ஒன்று. அதற்குப் பிறகு பத்து மணி, மூன்று மணி, நாலரை மணி.

"இந்த மூணும் தினமும் ஒரே நேரத்துல வருதேப்பா. அப்போ என்ன தோணும்?"

"ஒண்ணும் தோணாது. டோக்கன் நேரம்."

"அது 'ஏன்' ஆகாதுப்பா."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்.

ஆஸ்பத்திரிகளின் விரிப்பு, தலையணை உறை, உடுப்பு எல்லாம் வருகிற லாண்டரி அது. துவைக்கிற கூடம் முன்னால், இஸ்திரிக் கூடம் பின்னால். இஸ்திரிக் கூடத்தில் ஆறு மெஷின். ஒவ்வொன்றிலும் ஆவியில் கொதிக்கும் பெரிய உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஈர விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் சூடாக வெளியே வருவதைப் பிடித்து மடிக்க வேண்டும். மற்ற மெஷின்களில் விடுகிற பக்கம் இரண்டு பேர். ஏணியின் கை நீளத்துக்கு ஒரு ஆள் போதும் என்று முதலாளி என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டார். ஆகவே அந்த மெஷினுக்கு இரண்டே பேர். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் மடிக்கிற அக்கா, மடிப்பக்கா. பதினாலு வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு உருளை. அவன் பார்த்ததெல்லாம் அவளுடைய தலைத்துணியும் இரண்டு கையும்தான்.

கூடத்தில் நாற்காலி கிடையாது. ஈரச் சிமெண்டுத் தரையில் எட்டு மணியிலிருந்து ஆறு மணிவரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். அதில் பாதி கைகழுவுகிற வரிசையில் போய்விடும். மற்றபடி வெளியே போக ஒரே வழி, புகை டோக்கன். எப்போதோ ஒரு ஆள் உள்ளே திருட்டுத்தனமாகப் பற்றவைத்து, பஞ்சுத் தூசி பிடித்துக்கொண்டு பாதிக் கூடம் எரிந்துபோனதாம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. புகைக்கிறவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு பித்தளை டோக்கன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம். பின்கதவுக் காவலாளி டோக்கனை வாங்கி வைத்துக்கொண்டு, தன் தீப்பெட்டியால் தானே சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். கதவுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு ஓரமாக ஒரு பெஞ்சு.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்போ பத்தொன்பது வயசு" என்றான் மகளிடம். "ரெண்டாவது வாரம் கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. பின்கதவு தெறக்கும்போது பாத்தேன், நாலு பேர் பெஞ்சில உட்கார்ந்திருக்காங்க. அன்னிக்கு சாயங்காலம் போய் ஒரு பாக்கெட் வாங்கினேன். மொதல்ல இருமல்தான் வந்துது. பழகிட்டேன்."

மகள் அவனையே பார்த்தாள். பிறகு மூன்றாவது கட்டத்தில் 'உட்கார' என்று எழுதினாள். மூன்று இடத்திலும்.

லாண்டரியிலும் விஷயம் பரவிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் மகிழ்ந்தவர் சூப்பர்வைசர். ஏணியைவிடப் பத்து வயது சின்னவர், வாயில் தேன் தடவின மாதிரிப் பேசுகிறவர். அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். அவருடைய தலை அவன் நெஞ்சுக்கு வந்தது.

"அண்ணே, முதலாளிகிட்ட சொல்லிட்டேன். பதினேழாம் தேதி சாப்பாட்டு நேரம் முடியறப்போ எல்லார் முன்னாடியும் நீங்க டோக்கனைப் பெட்டில போடறீங்க. போட்டோ எடுக்கறோம். அண்ணியும் வரணும். டோக்கன் வெச்சிருக்கிற மத்த மூணு பேருக்கும் நீங்கதான் வழி காட்டணும்."

மற்ற மூன்று பேரில் ஒருவன் குறட்டை. உலர்த்துகிற மெஷினில் இருக்கிறவன். பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்றாவது நிமிஷம் சிகரெட் விரலில் இருக்கவே தூங்கிவிடுவான். அவன் மட்டும் தைரியம் சொல்லவில்லை.

"விடு, நல்லதுதான். கால் போறதுக்கு சிகரெட் போகட்டும். ஆனா அப்புறம் எங்கடா உட்காருவ?"

அதுதான் ஏணியின் தொண்டையில் சிக்கியிருந்த முள். இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு சூப்பர்வைசர் அறைக்குப் போனான்.

"சார், டோக்கனைக் குடுத்துடறேன். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் பெஞ்சில உட்கார்ந்துட்டு வந்துடறேனே. டாக்டர் உட்காரச் சொல்லியிருக்காரு."

சூப்பர்வைசரின் முகம் நிஜமாகவே வாடிப்போனது. "அண்ணே, உங்களுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா பத்து நிமிஷம் புகைக்காக விடறது. புகைக்காதவங்களும் போகலாம்னா கூடத்துல இருக்கிற இருபத்தாறு பேரும் நாளைக்குக் கதவுகிட்ட நிப்பாங்க. எந்த மெஷினை யார் ஓட்டறது?"

"டாக்டர்கிட்ட காகிதம் வாங்கிட்டு வரட்டுமா?"

"வாங்கலாம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா யோசிச்சு வாங்குங்க. நிக்க முடியாதுன்னு காகிதம் வந்தா மேல என்ன கேப்பாங்க? நிக்கிற வேலைக்கு எதுக்கு இவருன்னு கேப்பாங்க. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அந்தப் பதினைந்து நாளில் அவனிடம் கெட்டதுக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு மூச்சு முட்டியது.

அன்று சாயங்காலம் மச்சினனும் இருந்தான். பெண்டாட்டி தேநீர் டம்ளரை வைத்ததும் ஏணி விஷயத்தை எடுத்தான். டோக்கன், பெஞ்சு, பத்து நிமிஷம் எல்லாம் சொன்னான். டாக்டர் உட்காரச் சொன்னதையும் சொன்னான்.

"எப்போ சொன்னாரு? நானும்தானே கூட இருந்தேன்?" என்றாள் அவள்.

"நீ காகிதம் படிச்சிட்டு இருந்த."

"ஏங்க, பதினேழு வர வர உங்களுக்கு ஒவ்வொண்ணாத் தோணும்னு அந்த நர்ஸ் சொல்லிச்சு. காகிதத்துலயே போட்டிருக்கு." அவள் அலமாரிக் கதவைக் காட்டினாள். காகிதம் அங்கே ஒட்டியிருந்தது. மனம் சாக்கு சொல்லும் என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு.

"இது சாக்கு இல்லடி. நிக்க முடியலை."

"மூளை பண்ற வேலை மாமா" என்றான் மச்சினன், அன்போடு. "எனக்கும் இப்படித்தான். சிகரெட் இல்லாம பஸ் கியரே விழாதுன்னு தோணுச்சு. அப்படித் தோணினா பாருங்க, நீங்க சரியான வழியில போறீங்கன்னு அர்த்தம்."

"உன் பஸ்ல ஸீட் இருக்கு மாப்ள."

"பாத்தீங்களா, கோவம் வருது. அதுவும் காகிதத்துல இருக்கு."

ஏணி தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். வலிக்கிறது என்றால் சாக்கு. கத்தினால் அதற்கும் ஒரு வரி இருந்தது. பேசாமல் இருந்தால், பாவம், ஏங்குகிறான் என்று அவள் ஒரு பிஸ்கட்டைக் கையில் திணிப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் கைதட்டிக்கொண்டு வழியை அடைத்து நின்றார்கள். மகள் மட்டும் நோட்டை எடுத்து வந்து, "அம்மா, இதைப் பாரும்மா" என்றாள். பெண்டாட்டி 'உட்கார' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா சொன்னதை அப்படியே எழுதிட்டியா நீ?" என்றாள்.

பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. டோக்கனைக் கொடுக்காமலே இருந்துவிட்டால்? காவலாளி பற்றவைக்கட்டும். கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியது. ஊத வேண்டாம். கையில் எரிந்தால் காலுக்கு என்ன? யோசித்துப் பார்க்க எல்லாம் பொருந்தி வந்தது. பதினைந்தாம் தேதி மூன்று மணிக்குப் பரீட்சை வைத்துப் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்தான், கறுத்த விரலை ஷூவிலிருந்து விடுவித்தான், கையை முழங்காலுக்கு அந்தப் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டான். பக்கத்தில் குறட்டை பார்த்துக்கொண்டே இருந்தான்.

முதல் நிமிஷம் பெருமையாக இருந்தது. இரண்டாவது நிமிஷம் தொட்டியில் தண்ணீர் சொட்டுவதை எண்ணினான். மூன்றாவது நிமிஷத்தில் குறட்டை, "சரி, ஊதிட்ட" என்றான். அப்போதுதான் ஏணிக்கே தெரிந்தது. சிகரெட் உதட்டில் இருந்தது. அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. கை அதுவாகப் போயிருந்தது.

"சிரிக்காதடா" என்றான்.

"நான் எங்க சிரிச்சேன்?" என்றான் குறட்டை. அவன் சிரிக்கத்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசிச் சிகரெட்டை மாடியில் நின்று பிடித்தான். பெண்டாட்டி, மகள், மச்சினன், மாடிவீட்டுக்காரி எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவ்வளவு பேர் முன்னால் அது ருசிக்கவே இல்லை. மீதிப் பாக்கெட்டைத் தண்ணீர் வாளியில் முக்கினார்கள்.

திங்கட்கிழமை விடிந்தது. பத்து மணி எப்படியோ போய்விட்டது. வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, நெற்றி வேர்க்க விரிப்பு விட்டான். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. முடிகிற நேரத்தில் எல்லாரையும் கூடத்துக்குள் கூட்டினார்கள். உருளைகள் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. பெண்டாட்டி நல்ல புடவை கட்டி, ஆலையிலிருந்து ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வந்திருந்தாள். பஸ் கிடைக்காமல் பாதி தூரம் நடந்தே வந்தவள். உள்ளே நுழைந்ததும் சூட்டில் கொஞ்சம் தடுமாறினாள். கண்ணைச் சுழற்றி எதையோ தேடினாள்.

"இங்க எங்க உட்கார்றது?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

கேட்கப்பட்டவள் மடிப்பக்கா. ஐம்பதைத் தாண்டியவள், குள்ளம், அதிகம் பேசாதவள். "நானும் பதினாலு வருஷமாத் தேடறேன்மா" என்றாள்.

சூப்பர்வைசர் ஓடிப்போய்த் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் உட்கார்ந்தாள். கூடத்திலேயே அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தவள் கண்ணுக்கு முதலில் பட்டது கால்கள். சுற்றி வட்டமாக நின்ற இருபத்தாறு பேருடைய கால்கள். கணுக்காலில் கிழிந்த விரிப்பைச் சுற்றிக் கட்டின கால்கள், நரம்பு முடிச்சு விழுந்த கால்கள், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்ற கால்கள். புருஷன் காலையும் பார்த்தாள். இடது குதிகால் தரையில் படாமல் இருந்தது.

சூப்பர்வைசர் மனஉறுதியைப் பற்றிப் பேசினார், குடும்பத்தின் ஆதரவைப் பற்றிப் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். ஏணி டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு டோக்கன் போடுகிற மரப்பெட்டிப் பக்கம் போனான்.

"குடுக்காதீங்க" என்றாள் பெண்டாட்டி.

எழுந்து நின்றுவிட்டாள். பிஸ்கட் பெட்டி மடியிலிருந்து சரிந்தது. போட்டோ எடுக்க நின்றவர் கையை இறக்கினார்.

"அண்ணி, என்ன இது?" சூப்பர்வைசர் சிரிக்கப் பார்த்தார். "இவ்வளவு பாடுபட்டுட்டு, நீங்களே புகைக்கச் சொல்றீங்களா?"

"நான் எங்க புகைக்கச் சொன்னேன்? உட்காரணும்னு சொல்றேன். அவரு சொன்னாரு, நான்தான் நம்பலை. மூணு தடவை பத்துப் பத்து நிமிஷம். அதை எடுத்துடாதீங்க."

"டோக்கன் இருந்தா பத்த வைக்கணும் அண்ணி. பத்த வைக்காம கதவு தெறக்காது. நான் போட்ட சட்டம் இல்ல."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஓடினது என்ன என்று அவனுக்கு அவள் வாய் திறக்குமுன்பே தெரிந்துவிட்டது. "பத்த வெச்சுத் தரட்டுமே. நீங்க சும்மா கையில வெச்சுக்கிட்டு உட்காருங்க. ஊதாதீங்க. அதுகூடவா முடியாது?"

கூடமே அவனைப் பார்த்தது. குறட்டை மட்டும் தரையைப் பார்த்தான்.

"முடியாதுடி" என்றான் ஏணி. "பண்ணிப் பாத்துட்டேன். மூணாவது நிமிஷம் வாய்க்குப் போயிடுது."

அவள் குனிந்து, சரிந்த பிஸ்கட் பெட்டியை எடுத்தாள். இத்தனை நாளில் அவன் சொன்னதில் அவள் முழுசாக நம்பினது அந்த ஒரு வார்த்தையைத்தான். அவன் டோக்கனைப் பெட்டியில் போட்டான். பித்தளை, மரத்தில் விழுந்த சத்தம் கேட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் யாரோ ஒருவர் கைதட்ட, எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். போட்டோவும் எடுத்தார்கள்.

மணி அடித்தது. சூப்பர்வைசர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனார். பெண்டாட்டி கதவுவரை போய், திரும்பி வந்து, அவன் சட்டைக் காலரைச் சரி செய்கிற மாதிரி ஒரு நொடி கழுத்தைத் தொட்டாள். "சாயங்காலம் வாங்க. வேற வேலை பாக்கலாம்" என்றாள். அந்த ஊரில் நாற்பத்தேழு வயசில் கறுத்த விரலோடு என்ன வேலை கிடைக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் தலையாட்டினான்.

ஒன்றரை, இரண்டு, இரண்டரை. விரிப்புக்குப் பின் விரிப்பு. விரலில் ஆரம்பித்த எரிச்சல் முழங்கால்வரை ஏறியது. வாய் எச்சிலாக ஊறியது. மூன்று மணிக்குப் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. குறட்டையும் மற்ற இரண்டு பேரும் போனார்கள். ஏணி அந்தப் பக்கம் பார்க்காமல் அடுத்த விரிப்பின் முனையைத் தேடினான்.

தேடின கை இன்னொரு கையில் இடித்தது. மடிப்பக்கா பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்க, உறைக்கட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"நீ இங்கதான் இருக்கியா?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பழக்கதோஷம். மூணு மணின்னா கால் தானா இந்தப் பக்கம் ஓடி வந்துடுது."

"நான் போறப்போ இங்கயா வருவீங்க?"

"பின்ன? மெஷின் யாருக்காக நிக்கும்? இங்க நாலு உறையை விட்டுட்டு அங்க ஓடணும். அதுங்க கீழ விழறதுக்குள்ள பிடிக்கணும்." ஏதோ வீட்டுவேலை சொல்வதைப் போலச் சொன்னாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள். "வந்ததுதான் வந்துட்டேன். நீ அந்த வண்டிக்குப் பின்னாடி உட்காரு. யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் நான் பாத்துக்கறேன்."

விரிப்பு வண்டிக்குப் பின்னால் ஈரத்தரையில் அவன் உட்கார்ந்தான். கால் நீண்டது. உடம்பு முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. அங்கிருந்து பார்த்தால் மெஷினுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் அக்காவின் இரண்டு கால்கள். இந்தப் பக்கம் நின்றன. ஓடின. அந்தப் பக்கம் நின்றன. மறுபடி ஓடி வந்தன. உறை ஒன்று நழுவினால் கால் சறுக்கிப் போய்ப் பிடித்தது. வலது கணுக்கால் வீங்கி, கட்டின துணியைத் தாண்டிப் பிதுங்கியிருந்தது. பதினாலு வருஷம். ஒரு நாளைக்கு மூன்று தடவை. அவன் பெஞ்சில் சாய்ந்து புகையை விட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்தக் கால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை என்று நினைத்திருந்தான். சுளித்தாளா இல்லையா என்று பார்க்க அவன் அங்கே இருந்ததில்லை. அவமானத்தில் காது சுட்டது.

நாலாவது நிமிஷம் வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"ஏன் தம்பி? இன்னும் நேரம் இருக்கே."

"நீங்க உட்காருங்கக்கா."

"எனக்கு எதுக்கு? நான் புகைக்கிறவளா?"

"நானும் இல்லை" என்றான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைச் சொன்னான். "உட்காருங்க."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் போனாள். வேலை நேரத்தில் உட்கார்ந்து பழகாத உடம்பு. ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு முட்டியை மடித்து, நின்று, இன்னொரு முட்டியை மடித்து, முக்கலோடு தரையைச் சேர்ந்தாள். பிறகு சத்தமே இல்லை. ஏணி நாலு உறையை விட்டான். நொண்டிக்கொண்டு சுற்றிப் போய் நாலையும் பிடித்தான். திரும்பி வந்தான். ஒவ்வொரு அடியும் உச்சந்தலைவரை அடித்தது. ஒரே ஒரு இழுப்பு கிடைத்தால் போதும் என்று நாக்கு வெட்கமில்லாமல் கெஞ்சியது.

கூடத்தின் அந்தக் கோடியில் சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மெஷினாக நின்று நின்று வந்துகொண்டிருந்தது. வண்டிக்குப் பின்னாலிருந்து அக்கா மெல்ல, "யாராவது வர்றாங்களா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லைக்கா" என்றான் ஏணி. அடுத்த உறையை எடுத்தான்.